வைப்ரேட்டர் போடாத கான்கிரீட்டில் கம்பி பிடிக்குமா?

கெப்போங் பக்கம் ஒரு கொண்டோமினியம் சைட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன் என்று சொல்லி நீங்கள் கேட்டிருப்பது இது. மேலே நிற்கும் தூண்களின் சுமையைத் தாங்கும் ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள டிரான்ஸ்ஃபர் பீமுக்கு எஸ்.சி.சி., அதாவது அதிர்வு கொடுக்கும் வைப்ரேட்டர் இல்லாமலே தானாகப் பரவி நிறையும் கான்கிரீட் போடச் சொல்லிவிட்டார் கன்சல்டன்ட். முப்பது வருடம் வேலை பார்த்த, தொழிலாளர்களை மேய்க்கும் மேஸ்திரியான உங்கள் மண்டோரோ, "வைப்ரேட்டர் விடாமல் ஊற்றினால் கம்பி பிடிக்காது, உள்ளேயே சறுக்கிவிடும்" என்கிறார். லேப் நீளத்தை, அதாவது இரண்டு கம்பிகளைச் சேர்க்கும் இடத்தில் ஒன்றையொன்று ஒட்டி ஓடும் நீளத்தை, கூட்ட வேண்டுமா, பயத்துக்கு வைப்ரேட்டரை ஒரு முறை விட்டு எடுக்கலாமா என்று இரண்டு கேள்வி. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: கான்கிரீட் கம்பியைப் பிடித்துக்கொள்வது எதனால்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேப் நீளம் டிராயிங்கில் இருப்பது இருக்கட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வைப்ரேட்டரை உள்ளே விடாதீர்கள். ஆனால் உங்கள் மண்டோரின் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. நான் ரெடிமிக்ஸ் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடம் இருந்துவிட்டு, அப்புறம் கட்டமைப்பு கன்சல்டன்ட் பக்கம் வந்தவன். கான்கிரீட்டை விற்ற கையாலும் சொல்கிறேன், வாங்கிச் சோதித்த கையாலும் சொல்கிறேன்.

கம்பியின் பிடிப்பு மூன்று விதமாக வருகிறது. சிமெண்ட் குழம்பு இரும்பின் மேல் ஒட்டிக்கொள்வது ஒன்று. இது பலவீனமானது, கம்பி மயிரிழை நகர்ந்தாலே போய்விடும். இரண்டாவது உராய்வு. மூன்றாவதுதான் பெரும் சுமையைத் தாங்குவது: கம்பியின் மேல் இருக்கும் புடைப்பு வரிகள் கான்கிரீட்டில் முட்டிக்கொண்டு நிற்பது. 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒய் 32 கம்பியில் அந்த வரியின் உயரம் சுமாராக 2 மில்லிமீட்டர்தான். கம்பியை இழுக்கும்போது ஒவ்வொரு வரியும் தனக்கு முன்னால் இருக்கும் கான்கிரீட்டைச் சாய்வாகத் தள்ளுகிறது. தள்ளுவதில் ஒரு பங்கு வெளிப்பக்கமாகப் போவதால், கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட் ஒரு வளையம்போல இழுபடுகிறது. கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் தடிமன், குறைவாக இருந்தாலோ, கம்பிகள் நெருங்கி இருந்தாலோ, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் லிங்க் வளையங்கள் போதாமல் இருந்தாலோ, அந்த வளையம் கம்பி நெடுகப் பிளக்கும். கவர் தாராளமாக இருந்து லிங்க்கும் நெருக்கமாக இருந்தால் கான்கிரீட் பிளக்காது. வரிகளுக்கு இடையே இருக்கும் சாந்து அறுபட்டுக் கம்பி வெளியே வரும். பீம்களில் நாம் பயப்பட வேண்டியது பெரும்பாலும் முதல் வகைக்கு, பிளப்புக்கு.

இந்தக் கணக்கில் வைப்ரேட்டர் எங்கேயும் வரவில்லை, பார்த்தீர்களா? சாதாரணக் கான்கிரீட் விறைப்பானது. ஊற்றியவுடன் உள்ளே காற்றும் வெற்றிடமும் நிற்கும், குழம்பு வரிகளுக்குள் போய் உட்காராது. அதை இளக்கிக் காற்றை விரட்டுவது வைப்ரேட்டரின் வேலை. வரிகளைச் சுற்றிக் கெட்டியான சாந்து போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதிர்வினால் போய்ச் சேர்ந்ததா, தானாக ஓடிப்போய்ச் சேர்ந்ததா என்று கம்பிக்குத் தெரியாது. மண்டோர் முப்பது வருடமாகப் பார்த்தது விறைப்பான கான்கிரீட்டை. அதற்கு அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

பிடிப்பைக் கெடுக்கும் உண்மையான எதிரி தண்ணீர். தோசை மாவைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து அசையாமல் வைத்துப் பாருங்கள். மாவு அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். கான்கிரீட்டிலும் அப்படித்தான். கனமானவை இறங்க, நீர் மேலேறுகிறது. ஏறும் வழியில் படுக்கையாக ஒரு கம்பி இருந்தால் அதன் அடிவயிற்றில் நீர் தங்கிவிடும். கம்பி லிங்க்கில் கட்டுண்டு அசையாமல் நிற்க, அதற்குக் கீழே உள்ள கான்கிரீட் மட்டும் சற்று இறங்கும். நீர் வற்றியதும் அங்கே மெல்லிய இடைவெளி. வரியின் உயரமே 2 மில்லிமீட்டர் என்றேன்; அதில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசியுங்கள். கம்பிக்குக் கீழே கான்கிரீட் எவ்வளவு ஆழம் இருக்கிறதோ அவ்வளவுக்கு இது மோசமாகும். அதனால்தான் பீமின் மேல்கம்பிகள் எப்போதும் கீழ்க்கம்பிகளைவிடக் குறைந்த பிடிப்பு உள்ளவை.

விதிநூல்களுக்கு இது பழைய செய்தி. அமெரிக்க விதியில் கம்பிக்குக் கீழே 300 மில்லிமீட்டருக்கு மேல் புதுக் கான்கிரீட் இருந்தால் நங்கூர நீளத்தை, அதாவது கம்பி கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டிய நீளத்தை, 1.3 ஆல் பெருக்கச் சொல்வார்கள். நாங்கள் படித்து வளர்ந்த பிரிட்டிஷ் விதியான பி.எஸ். 8110இல், மேல்பக்க லேப்புக்குக் கவர் கம்பி விட்டத்தின் இரண்டு மடங்குக்குக் குறைவாக இருந்தால் 1.4. இப்போது மலேசியாவில் நாம் பயன்படுத்தும் ஐரோப்பிய விதியில், 600 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான பீமில் மேலே உள்ள 300 மில்லிமீட்டரைப் 'பிடிப்பு குறைந்த பகுதி' என்று வைத்து, பிடிப்பு வலிமையை 0.7 ஆல் குறைக்கிறார்கள். உங்கள் பீம் ஒன்றரை மீட்டர் என்பதால் இது அப்படியே பொருந்தும். நீங்கள் கான்கிரீட் தரத்தைச் சொல்லவில்லை. சி 40/50 என்று வைத்துக்கொண்டால், ஒய் 32 கம்பி முழு வலிமைக்கு வேலை செய்ய, கீழே அடிப்படை நங்கூர நீளம் ஏறத்தாழ 930 மில்லிமீட்டர், மேலே 1,330 மில்லிமீட்டர் வரும். லேப் என்றால் இதைப்போல் ஒன்றரை மடங்கு வரை போகலாம். அதாவது மண்டோர் கேட்கும் கூடுதல் நீளம் மேல்கம்பிக்கு ஏற்கெனவே கணக்கில் இருந்தாக வேண்டும். டிராயிங்கில் மேல் லேப்பும் கீழ் லேப்பும் ஒரே நீளமாக இருந்தால் மட்டும் கன்சல்டன்டைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் பெரிய நீளத்தையே கொடுத்திருக்கலாம், மறந்தும் இருக்கலாம்.

இனி எஸ்.சி.சி.க்கு வருவோம். இது பிறந்த கதையே உங்கள் மண்டோருக்கு ஒரு பதில். 1986இல் தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒகாமுரா இப்படி ஒரு கான்கிரீட் வேண்டும் என்று முன்வைத்தார். 1988இல் முதல் மாதிரிக் கலவை தயாரானது. காரணம், ஜப்பானில் கைதேர்ந்த கட்டுமானத் தொழிலாளர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வைப்ரேட்டரைச் சரியாகப் பிடிக்க ஆளில்லாமல் கட்டடங்களின் ஆயுள் அடிபட்டது. வைப்ரேட்டரை நம்ப முடியாமல்தான் வைப்ரேட்டர் வேண்டாத கான்கிரீட் வந்தது. இரவு பதினொரு மணிக்கு, பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்த ஒரு வெளிநாட்டுத் தம்பி, ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கம்பிக் காட்டுக்குள் வைப்ரேட்டரை எவ்வளவு கவனமாக இறக்குவான் என்று நம் சைட்டுகளில் பார்த்தவர்களுக்கு ஒகாமுராவின் கவலை புரியும்.

எஸ்.சி.சி. ஓடுவதைப் பார்த்து நிறையத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. பாலிகார்பாக்சிலேட் வகை ரசாயனம் சிமெண்ட் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்து வைப்பதால் அது ஓடுகிறது. சிமெண்ட், சாம்பல், சுண்ணாம்புத் தூள் என்று நுண்தூள் மட்டும் ஒரு கன மீட்டருக்கு 380 முதல் 600 கிலோ வரை இருக்கும். ஜல்லி வழக்கத்தைவிடக் குறைவு. ரசம் மாதிரி இல்லாமல் கூழ் மாதிரி இருக்க வேண்டும்: ஓடவும் வேண்டும், கல்லைத் தூக்கிக்கொண்டும் ஓட வேண்டும். நுண்தூள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நல்ல எஸ்.சி.சி.யில் நீர் மேலேறுவது குறைவு. கம்பியின் அடிவயிற்றில் தங்கும் நீரும் குறைவு.

ஆய்வுகளில் எது உறுதி, எது இழுபறி என்று பிரித்துச் சொல்கிறேன். பிரிந்துபோகாத நல்ல எஸ்.சி.சி.யில் கம்பிப் பிடிப்பு, அதே வலிமையுள்ள அதிர்வுக் கான்கிரீட்டுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கிறது. இது பல நாட்டுப் பரிசோதனைகளில் திரும்பத் திரும்ப வந்தது, உறுதி என்றே வைத்துக்கொள்ளலாம். மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாகக் குறைகிறது என்பதும் அப்படியே. கலவை நிலையாக இல்லாவிட்டால் அந்த வித்தியாசம் சாதாரணக் கான்கிரீட்டையும் மிஞ்சி மோசமாகும், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. எத்தனை சதவீதம் கூடுகிறது என்பதில்தான் இழுபறி. ஒரு சின்னக் கனசதுரத்தில் கம்பியைப் பதித்து வெளியே இழுத்துப் பார்ப்பதுதான் பெரும்பாலான சோதனைகள். அதில் கம்பியை இழுக்கும்போது அடியில் இருக்கும் தகடு கான்கிரீட்டை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. நிஜமான பீமில் கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டே இழுவையில் விரிசல் விட்டு நிற்கும். அதனால் அந்தச் சோதனை எண் எப்போதும் கொஞ்சம் அழகாகத்தான் வரும். இரண்டு கலவைகளை ஒப்பிட அது போதும், பீமுக்கு நீளம் முடிவு செய்யப் போதாது. இன்னொன்று, எஸ்.சி.சி. பல சமயம் குறித்த தரத்தைவிட வலுவாக வந்துவிடும். பிடிப்புக் கூடியது அதனாலா, கலவையின் தன்மையாலா என்று பிரிப்பது எளிதல்ல. ஜல்லி குறைவாக இருப்பதால் பிளப்புக்கு எதிரான வலிமை சற்றுக் குறையலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எஸ்.சி.சி. என்பதற்காக லேப்பைக் குறைக்க நமது விதி இடம் தரவில்லை. நான் அதில் உடன்படுகிறேன். "நல்ல பிடிப்புதானே, லேப்பை வெட்டலாமே, கம்பி மிச்சமாகும்" என்று கேட்டு வரும் ஒப்பந்தக்காரருக்கும் இதே பதில்தான்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். பல வருடங்களுக்கு முன், நகருக்குள்ளேயே ஒரு நிலத்தடிச் சுவருக்கு முதலில் மாதிரிச் சுவர் ஊற்றிப் பார்த்தோம். லோரி போக்குவரத்தில் மாட்டி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. கான்கிரீட் இறுகத் தொடங்கியிருந்தது. யாரோ குழாயை எடுத்து டிரம்முக்குள் நீர் விட்டிருக்கிறார்கள்; எவ்வளவு என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கான்கிரீட் அருமையாக ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். இறுகிய பிறகு சுவரைக் கம்பிகளோடு சேர்த்து அறுத்துப் பார்த்தோம். கீழ்க்கம்பிகளைச் சுற்றி, அச்சில் வார்த்ததுபோல் வரிவரியாகச் சாந்து உட்கார்ந்திருந்தது. மேலே இருந்து இரண்டாவது கம்பியின் அடியில் ஒரு பளபளப்பான இடைவெளி. நகத்தை உள்ளே விடலாம். அதே லோரியில் வலிமைச் சோதனைக்காக எடுத்த கியூப் எல்லாம் பாஸ். இதைத்தான் நான் புதிதாக வரும் பொறியியலாளர்களிடம் அடிக்கடி சொல்வேன்: கியூபுக்குள் கம்பி கிடையாது. கம்பிக்கு அடியில் என்ன நடந்தது என்று கியூபைக் கேட்டால் அது எப்படிச் சொல்லும்?

ஆகவே நீங்கள் காவல் காக்க வேண்டியது லேப்பை இல்லை, லோரியிலிருந்து இறங்கும் கலவையை. நம் ஊரில் இதற்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு, மழை. மதியம் மூன்று நான்கு மணிக்கு ஒரு கொட்டு கொட்டினால் ஆலையில் திறந்து கிடக்கும் மணல் குவியல் நனைந்துவிடும். ஒரு கன மீட்டருக்கு 800 கிலோ மணல் என்றால், ஈரம் ஒரு சதவீதம் கூடினாலே 8 லிட்டர் நீர் கணக்கில் வராமல் உள்ளே போகிறது. சாதாரணக் கான்கிரீட் இதைப் பொறுத்துக்கொள்ளும். எஸ்.சி.சி.யில் சில கலவைகள் இந்த 8 லிட்டருக்கே குணம் மாறிவிடும். மழை நாளில் ஊற்றுவதென்றால் மணலின் ஈரத்தை எப்போது கடைசியாக அளந்தீர்கள் என்று ஆலைக்குப் போன் செய்து கேளுங்கள். காலையில் அளந்தோம் என்று மாலையில் சொன்னால் அந்தப் பதில் செல்லாது.

சைட்டில் ஒவ்வொரு லோரிக்கும், கான்கிரீட்டின் இளக்கத்தைச் சோதிக்கும் ஸ்லம்ப் கூம்பைத் தகட்டின் மேல் வைத்து நிரப்பித் தூக்குங்கள். கான்கிரீட் வட்டமாகப் பரவும். உங்கள் பீம் போன்ற நெருக்கமான கம்பிக்குப் பொதுவாக 660 முதல் 750 மில்லிமீட்டர் விட்டம் கேட்பார்கள். உங்கள் ஸ்பெசிஃபிகேஷனில் உள்ளது எதுவோ அதுதான் முடிவு. ஆனால் விட்டத்தை மட்டும் அளந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். குனிந்து ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் கல்லே இல்லாமல் வெறும் சாந்து வளையமோ, தெளிந்த நீர்க்கோடோ தெரிந்தால், நடுவில் கல் குவிந்து நின்றால், விட்டம் 700 இருந்தாலும் அந்த லோரி வேண்டாம். இதற்கு 0 முதல் 3 வரை கண்ணால் மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. 0, 1 ஏற்கலாம், 2 என்றால் கலவையைச் சரிசெய்யாமல் ஊற்றக்கூடாது, 3 என்றால் திருப்பி அனுப்புங்கள். தம்பி, திருப்பி அனுப்புவது எளிதான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். ஆலைப் பக்கம் இருந்தபோது திருப்பி அனுப்பப்பட்டவன் நான். அன்றைக்குக் கோபம் வந்தது. அந்த சூப்பர்வைசர் செய்தது சரிதான்.

வைப்ரேட்டரை ஏன் விடக்கூடாது என்றால், அது எஸ்.சி.சி.யின் கூழ்த்தன்மையை உடைத்துவிடும். தூக்கி வைத்திருந்த கல் கீழே இறங்கும், நீரும் நுரையும் மேலேறும், போய் நிற்கும் இடம் மேல்கம்பியின் அடி. பிடிப்புக்காக விட்ட வைப்ரேட்டர் பிடிப்பைக் கெடுத்துவிட்டுப் போகும். ஏதாவது மூலையில் நிறையவில்லை என்ற சந்தேகம் வந்தால் அச்சுப் பலகையை வெளியிலிருந்து மரச் சுத்தியலால் தட்டிக்கொடுங்கள், போதும்.

லேப்பைக் கூட்டுவதில் மண்டோர் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. லேப் பகுதியில் கம்பிகள் இரட்டிப்பாகின்றன, இடைவெளி அங்கேதான் மிகக் குறுகல். ஒய் 32 கம்பிகளுக்கு நடுவே விதி கேட்கும் குறைந்தபட்ச இடைவெளி 32 மில்லிமீட்டர். லேப்பில் கட்டும்போது கை தவறினால் அது 20க்கும் கீழே போய்விடும். ஆலை 20 மில்லிமீட்டர் ஜல்லி போட்டிருந்தால் கல் அங்கே அடைத்துக்கொள்ளும், சாந்து மட்டும் ஒழுகி உள்ளே போகும். பார்வைக்கு நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் கம்பியைச் சுற்றி இருப்பது கல் இல்லாத சாந்து, பிளப்பை அது நன்றாகத் தாங்காது. லேப்பை இன்னும் அரை மீட்டர் நீட்டினால் இந்தக் குறுகலான பகுதியும் அரை மீட்டர் நீளும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நீளத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்பேன்: ஜல்லி எத்தனை மில்லிமீட்டர்? கம்பிகளுக்கு இடையே கலவை புகுந்து வருகிறதா என்று எல்-பாக்ஸ் அல்லது ஜே-ரிங் என்ற சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தார்களா? எல்-பாக்ஸில் கலவை ஓடி நின்றதும் கடைசி முனையின் உயரத்துக்கும் முதல் முனையின் உயரத்துக்கும் உள்ள விகிதம் 0.8க்குக் குறையக்கூடாது. முடிந்தால் எல்லா லேப்பும் ஒரே இடத்தில் விழாமல் தள்ளித் தள்ளிப் போடச் சொல்லிக் கன்சல்டன்டிடம் கேட்கலாம். கம்பி கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள், கட்டிய பிறகு கேட்டால் ஒருவரும் உங்களை விரும்பமாட்டார்கள்.

ஊற்றும்போது குழாய் வாயைக் கலவைக்குள் அமிழ்த்தி வையுங்கள். ஒரே இடத்திலிருந்து 10 மீட்டருக்கு மேல் ஓடவிடாதீர்கள், ஓடும் தூரம் கூடக்கூடக் கல் பின்தங்கும். லோரிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விழவும் கூடாது. எஸ்.சி.சி. அசையாமல் நின்றால் தோல் கட்டும், வைப்ரேட்டர் இல்லாததால் அடுத்த அடுக்கு அதோடு கலக்காமல் மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். பலகை அழுத்தத்தை முழுத் திரவமாகவே கணக்கிடுங்கள்: ஒன்றரை மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 36 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட மூன்றரை டன்னுக்கு மேல். பலகைச் சந்துகளை அடையுங்கள். குழம்பு கசிந்து வெளியேறினால் கீழ்க்கம்பியைச் சுற்றித் தேன்கூடுபோல ஓட்டைகள்தான் மிஞ்சும். கம்பியில் லேசான துரு இருந்தால் கவலை வேண்டாம், அது பிடிப்புக்குக் கெடுதல் இல்லை. உதிரும் துருவையும் சேற்றையும் பலகைக்குப் பூசிய எண்ணெய் சிந்தியதையும் மட்டும் துடைத்துவிடுங்கள்.

நான் உங்கள் டிராயிங்கைப் பார்க்கவில்லை, கலவை விவரமும் தெரியாது. இந்தப் பீமுக்குக் கையெழுத்துப் போடுபவர் உங்கள் கன்சல்டன்ட். நான் சொன்னதில் எதுவும் அவர் சொல்லுக்கு மேல் இல்லை. ஊற்றுவதற்கு ஒரு வாரம் முன்னால், லேப் பகுதியில் உள்ள அதே நெருக்கத்தில் கம்பி கட்டி, ஒரு மீட்டர் நீளத்துக்காவது மாதிரி பீம் ஊற்றி அறுத்துப் பார்க்க அவரைக் கேளுங்கள். அறுக்கும் அன்று மண்டோரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். பீம் ஊற்றும் நாளில் ஸ்லம்ப் தகட்டின் ஓரத்தைப் பார்க்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். முப்பது வருடம் கான்கிரீட்டைப் பார்த்த கண், நீர் பிரிவதை உங்களுக்கும் எனக்கும் முன்னால் கண்டுபிடித்துவிடும்.